அத்தையும் வந்தார் கடற்கரைக்கு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல், மதுரை என்று எங்கே கிளம்பினாலும் சக்கர நாற்காலியில் இருக்கும் என் மாமியார், "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்" என்பார். பொழுதுபோக்குப் பூங்காவிலும் அப்படித்தான். ராட்டினம் ஒவ்வொன்றுக்கும் படி ஏறணுமே!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில், ஒரு தகப்பனார் தன் மகளை நினைத்து 2010-ல் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' பூங்காவைத் திறந்தார். அங்கே நாற்காலியோடு அப்படியே ராட்டினத்தில் ஏறலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஆனால் அவ்வளவு தூரம் யாரால் போக முடியும்?

நமக்குச் சென்னை மெரினா இருக்கிறது. விவேகானந்தர் இல்லம் பக்கம் 2022 நவம்பரில் மணல்மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். கொடைரோட்டில் ரயிலேறி அத்தையை அழைத்துப் போனோம். பாதை முடிந்த இடத்தில் அலையைப் பார்த்தவர், "இன்னுங் கொஞ்சம் தள்ளுடா" என்று பேரனை அதட்டினாரே பார்க்கணும்!

வெயிலுக்கு முன்னே காலையிலேயே போய்விடுங்கள். எந்த ஊர் போனாலும், தங்கும் விடுதிக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். "படி உண்டா?" என்றால், "ரெண்டே படிதாங்க" என்பார்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள்.