ஏழா, எட்டா?

எங்களுக்குக் கொல்லிமலை. செம்மேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளின ஊர். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு போட்ட பணத்தில் 22,000 ரூபாயைத் தனியாக முடிந்து வைத்திருந்தேன். கீழே நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படிக்கிற என் பெண்ணுக்கு லேப்டாப் வாங்கத்தான். தோழியின் லேப்டாப்பில் இவளுக்கு முறை வர ராத்திரி பதினோரு மணி ஆகிவிடுமாம். சொல்லும்போதே குரல் கம்மும்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் கீழே போனவர், பழைய லேப்டாப் விற்கும் கடையில் 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். "ஐ-7டி! ஐ-3, ஐ-5 எல்லாத்துக்கும் மேலே. பதினெட்டரைக்குத் தர்றான்" என்றார். எனக்கும் சந்தோஷந்தான்.

சேலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் மகனுக்கு அன்றைக்கே போன் போட்டேன். 2011-ல் அரசாங்கம் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கையில் ஒன்று வாங்கி, அதைக் கழற்றி மாட்டியே தொழில் கற்றவன் அவன். (என் பெண் படித்த வருஷம் அது கிடைக்கவில்லை.)

"பெரியம்மா, ஐ-7ங்கிறதை விடுங்க. அதுக்குப் பின்னாடி என்ன நம்பர்னு கேளுங்க" என்றான்.

கடையில் கேட்டால் 7600 என்றார்கள். முதல் எண் 7 என்றால் ஏழாம் தலைமுறையாம். 8250 என்றால் எட்டாவது. 1-ல் ஆரம்பித்தால் முதல் இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1235 என்றால் பன்னிரண்டாவது. அந்த ஐ-7, 7600-க்கு உள்ளே கோர் இரண்டுதான். அதற்கு அடுத்து 2017-ல் வந்த ஐ-5, 8250-ல் நாலு. பெயரில் சின்னது, ஆனால் நாலு அடுப்பு!

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று சொன்னான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போட, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். "அதனாலதான் ஏழாவதெல்லாம் இப்ப மலிவா வருது பெரியம்மா."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்பணம் திரும்ப வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஆயிரம் ரூபாய் என்றால் ஒன்றரைக் கிலோ மிளகு. கொடியில் ஏணி போட்டு ஏறிப் பறித்தவர் இவர். "போனது போகட்டும்னு விட என்ன பணமா காய்க்குது?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் சமாதானத்துக்குப் போகவில்லை. மூன்று வருஷம் உழைக்க வேண்டிய சாமானுக்கு ஆயிரத்தைப் பார்த்து மீதிப் பணத்தையும் விடுவதா?

புதிதாகவே பன்னிரண்டாம் தலைமுறை ஐ-3 வாங்கலாம், அதுதான் நெடுநாள் வரும் என்றும் பையன் சொன்னான். விலை முப்பதாயிரத்தைத் தாண்டியது. மகளிர் குழுவில் ஏற்கெனவே ஒரு கடன் ஓடுகிறது, வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில் சேலத்திலேயே 8250 போட்ட ஒன்று, 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி.யோடு 20,500-க்குக் கிடைத்தது. போன ஆயிரத்தையும் சேர்த்தால் 21,500. நானே போயிருந்தேன். விண்டோஸ் 11 ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, ஒயரைப் பிடுங்கிவிட்டு அரைமணி நேரம் ஓட விடச் சொன்னேன். காற்று மழைக்கு எங்கள் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டது? பாட்டரி நின்றது. பில்லில் பிராசஸர் நம்பரையும் எழுதி வாங்கிக் கொண்டேன்.

பழைய கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தேன். லீவுக்கு வந்த பெண் ராத்திரி எட்டு மணிக்கே அதைத் திறந்து உட்கார்ந்தாள்.

இவர் மட்டும் டீக்கடையில் இன்னும் "ஐ-7" என்றுதான் சொல்லிக் கொண்டிருக்கிறாராம். நான் திருத்தவில்லை.