மனோரா: பிறர் வெற்றிக்கு ஒரு கோபுரம்

தஞ்சை நெல்வயற் சீமையில் மலை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆகையால், உயர்ந்ததொரு கோட்டையும் அதன் காலடியில் பரந்த நீரும் சேர்ந்த காட்சியைக் காண விரும்புகிறவர்கள், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்று கடற்கரையை அடைய வேண்டும். மல்லிப்பட்டினத்துக்கு அருகே, சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது.

வழியெல்லாம் தென்னந்தோப்புகள். 2018-ஆம் ஆண்டு கஜா புயல் இப்பிரதேசத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்த துயரத்தை யாரும் மறக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு சுனாமியில் மனோராவும் சேதமுற்றது. பிறகு பழுது பார்க்கப்பட்டது. ஆனால் சாதாரண நாட்களில் இந்தக் கடலைப் பார்க்கிறவர்கள் இதையா அப்படிப் பொங்கிற்று என்பார்கள் என்று அதிசயிப்பார்கள். பாக் ஜலசந்தி அல்லவா? அலை என்று சொல்லத்தக்க அலையில்லாமல், பெரிய ஏரியைப் போலச் சாதுவாகக் கிடக்கிறது.

மதிலும் அகழியும் சூழ, ஆறு பட்டைகளுடன் எட்டு அடுக்காக, சுமார் 75 அடி உயரம் எழும்புகிறது கோபுரம். 'மினார்' என்ற சொல்லே ஜனங்கள் வாயில் 'மனோரா' ஆயிற்று என்பார்கள். கட்டியவர் இரண்டாம் சரபோஜி மகாராஜா. எதற்காக? பிரிட்டிஷ் படைகளின் வெற்றியையும் நெப்போலியனின் வீழ்ச்சியையும் கொண்டாடுவதற்காக! பிரிட்டிஷாரின் நண்பர், துணைவர் என்று மகாராஜாவைக் குறிப்பிட்டு, இச்செய்தியை ஐந்து மொழிகளில் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

படிக்கும்போது நமக்குச் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியவில்லை. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகம் கம்பெனியார் கைக்குப் போய்விட்டது. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மானியமுமே மகாராஜாவுக்கு எஞ்சின. ஐரோப்பாவில் ராஜ்யமிழந்த ஒருவனுடைய வீழ்ச்சியை, இங்கே ராஜ்யமிழந்த ஒருவர் கோபுரம் கட்டிக் கொண்டாடினார்! ஆயினும் அவரை ஏளனம் செய்ய மனம் வரவில்லை. சரஸ்வதி மகாலில் சுவடிகளையும் நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்த அதே கைதான் இதையும் கட்டியது. படை இல்லாதவர் நூலகத்தையும் நட்பையும் நம்பினார். நூலகம் நிலைத்தது. நட்போ 1855-இல் அவர் மகனுக்கு ஆண்வாரிசு இல்லையென்று சொல்லி, மிச்சமிருந்த பட்டத்தையும் பறித்துக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்றே பலரும் சொல்வார்கள். கல்லில் கண்ட ஆண்டு 1814. வாட்டர்லூ யுத்தமோ 1815 ஜூன் மாதம் நடந்தது. நெப்போலியன் முதன்முறை முடி துறந்த சேதிக்கே இந்தக் கொண்டாட்டம். மறு வருஷமே அவன் எல்பாத் தீவிலிருந்து தப்பி வந்து மீண்டும் பாரிஸில் சிங்காதனம் ஏறினான். கல்லில் வெட்டிய எழுத்தை அதற்காக யார் மாற்றுவார்கள்? 1814 என்றே இன்றும் இருக்கிறது.