ஒரே தோள்

தோற்றுப்போன விளையாட்டாளருக்கு நம் மாமாக் கடைகளில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கும்: "ஆட்டம் இருக்கு, மெண்டல் இல்ல லா." லீ சோங் வெய்யைப் பற்றி இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. உலகத் தரவரிசையில் மொத்தம் 349 வாரங்கள் முதலிடத்தில் இருந்தவர் அவர். ஆனால் 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் வெள்ளியோடுதான் திரும்பினார். அதனால் அழுத்தம் தாங்காதவர் என்று கதையை முடித்துவிடுகிறோம்.

எனக்கு இதில் சந்தேகம் உண்டு. புள்ளிகளைப் பாருங்கள். பெய்ஜிங்கில் லின் டானிடம் 12-21, 8-21. ஒத்துக்கொள்கிறேன், அது நொறுங்கிப்போன ஆட்டம். நான்கு வருடம் கழித்து லண்டனிலும் எதிரில் அதே லின் டான். இந்த முறை மூன்றாவது செட் வரை இழுத்து 19-21இல் தோற்றார். அந்த மே மாதம்தான் தாமஸ் கிண்ணப் போட்டியில் அவருக்குக் கணுக்காலில் அடிபட்டிருந்தது. ரியோ அரையிறுதியில் மறுபடியும் லின் டான். மூன்றாவது செட் 22-20, சோங் வெய்க்கு. மனவலிமை இல்லாதவர் அந்தக் கடைசி இரண்டு புள்ளிகளை எப்படி எடுத்தார்?

அழுத்தம் ஆட்டத்தைக் கெடுக்கும் என்பது உண்மைதான். பள்ளி அளவில் விளையாடியவர்களுக்கே இது தெரியும். கை தானாகச் செய்துகொண்டிருந்ததை மனம் மேற்பார்வை பார்க்க ஆரம்பிக்கும். கோட்டை ஒட்டி இறக்க வேண்டிய பந்தை, வெளியே போய்விடுமோ என்ற பயத்தில் ஓர் அடி உள்ளே இறக்குவோம். எதிராளிக்கு அதுதான் விருந்து.

லின் டானுக்கு மட்டும் அழுத்தம் இல்லையா? 2008இல் சொந்த நாட்டு அரங்கத்தில், சொந்த மக்கள் முன்னால் ஆடினார். ஆனால் லண்டனில் பூப்பந்தின் ஐந்து தங்கங்களையும் சீனாவே அள்ளியது. லின் டான் தோற்றிருந்தாலும் நான்கு மிச்சம் இருந்திருக்கும். நமக்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே ஒரு தங்கம்கூடக் கிடையாது. அந்த மொத்த ஏக்கமும் ஒரே மனிதன் தோளில் ஏறியது.

ரியோவில் பாரம் கொஞ்சம் பகிரப்பட்டது. பூப்பந்தில் நமக்கு மூன்று இறுதியாட்டங்கள். முதலில் கலப்பு இரட்டையரில் சான் பெங் சூன், கோ லியூ யிங் இணை இந்தோனேசியாவிடம் தோற்றது. அடுத்து ஆண்கள் இரட்டையரில் கோ வீ ஷெம், டான் வீ கியோங் இணை சீனாவிடம் மூன்றாவது செட்டில் 21-23இல் தோற்றது. மறுநாள் சோங் வெய் களத்துக்கு வந்தபோது மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். சென் லோங்கிடம் 18-21, 18-21. சென் லோங் அன்று நன்றாக ஆடினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிரிந்து கிடந்த சுமை மூன்றே நாளில் பழைய தோளுக்கே திரும்பியிருந்தது.

இதை வெறும் விளையாட்டு விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என் அக்கா. ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் அப்பா அழைத்து, "உன்னத்தாம்மா நம்பி இருக்கோம்" என்பார். அன்பாகத்தான் சொன்னார். அக்கா அன்றிரவு சாப்பிட மாட்டாள். நான் போனபோது அப்பா அப்படிச் சொல்லவில்லை. நான் இரண்டாவது ஆள். என் தேர்வுகள் எனக்கு வெறும் தேர்வுகளாக இருந்தன. எங்கள் இருவரில் மனவலிமை அதிகம் உள்ளவள் அவள்தான்.

லண்டனில் தோற்ற பிறகு சோங் வெய் மலேசியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டே புள்ளிகளில் தோற்றவர் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவரைத் தனியாக அனுப்பிவைத்தவர்கள் நாம்.