மன்னார் வெயிலுக்கு ஒரு ஜீப் பற்றரி

மன்னாரில் ஐஸ் இருக்கிற ஒரே இடம் மீன் பெட்டி. ஆனால் எங்கட கடைகளில் விற்கிற வாகனப் பற்றரியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் அது எவ்வளவு கரண்ட் தள்ளும் என்ற கணக்கு. சிசிஏ என்று எழுதி, பக்கத்தில் 600, 700 என்று ஒரு எண் இருக்கும். அந்தக் குளிரில் வைத்து, 30 செக்கனுக்கு, வோல்ட் 7.2க்குக் கீழே இறங்காமல் எத்தனை அம்பியர் தரும் என்பதுதான் அதன் அர்த்தம். கனடாவில் இருக்கிற பெரியப்பா ஆக்களுக்கு இது ஒவ்வொரு ஜனவரியிலும் வருகிற பிரச்சினை. தலைமன்னார் மணலில் நிற்கிற மாமாவின் பஜேரோவுக்கு அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

இதையெல்லாம் நான் ஆசைப்பட்டுத் தேடிப் படிக்கவில்லை. மாமாவின் பற்றரி செத்துப்போனது. "பிள்ளை, நீ யாழ்ப்பாணத்தில நெற்றோட இருக்கிறாய்தானே, ஒரு நல்ல பற்றரி பாத்துச் சொல்லு. இந்த முறை சும்மா காசக் கொட்டேலாது" என்று போன் எடுத்தார். நான் கலைப்பீடம். விஞ்ஞானத்தை ஓஎல்லோடு கைவிட்டவள். ஆனால் ஒரு துண்டுப் பிரதியைக் கையில் தந்து "இதில என்ன சொல்லியிருக்கு" என்று கேட்டால் மூன்று மணித்தியாலம் உட்காருவதற்குத்தானே எங்களுக்குப் பழக்கம். பற்றரி ஸ்டிக்கரும் ஒரு பிரதிதான்.

முதலில் ஜீப்பைப் பற்றி. எங்கட பக்கம் நாலு சக்கரமும் இழுக்கிற எதற்கும் ஜீப் என்றுதான் பெயர். மாமாவிடம் இருப்பது தொண்ணூறுகளின் டீசல் பஜேரோ. வெளியூர்க்காரர் யாரும் நினைப்பது மாதிரி அது சுற்றுலா வாகனம் இல்லை. விடிய நாலு மணிக்கு வாடிக்குப் போய், படகு வரும்வரை வெளிச்சம் போட்டுக்கொண்டு நிற்கும். தேவைப்பட்டால் படகை மணலில் இழுத்து ஏற்றும். பிறகு மீன் பெட்டியோடு மெயின் ரோட்டுக்கு வந்து லொறியில் ஏற்றிவிடும். நவம்பருக்குப் பிறகு வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினால் அவர்களையும் ஏற்றும். வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் வேறு ஜீப் வாங்குவது என்ற பேச்சே இல்லை. இப்போது திறந்திருந்தும் விலையைப் பார்த்தால் அதே கதைதான். ஆகவே இருப்பதை ஓட்ட வேண்டும். அது ஓடாத நாளில் மீன் கரையில் கிடக்கும், ஐஸ் கரையும், லொறிக்காரர் போய்விடுவார்.

ஏன் பற்றரிகள் இங்கே சீக்கிரம் சாகின்றன? குளிர் பற்றரியை மெதுவாக வேலை செய்ய வைக்கும், வெயில் அதைக் கொல்லும். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. இங்கே நிழலிலேயே 32, 33 போகும் நாட்கள் நிறைய. எஞ்சின் மூடிக்குள்ளே கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற தகடு அரிக்கும், தண்ணீர் வற்றும். பிறகு ஒருநாள் காலை செல்ஃப் அடித்தால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

சிசிஏ எண்ணில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அதே அளவுப் பெட்டிக்குள் அந்த எண்ணைக் கூட்ட வேண்டுமென்றால், மெல்லிய தகடுகளாக அதிகம் அடுக்க வேண்டும். மெல்லிய தகடு வெயிலுக்கும் குலுக்கலுக்கும் முதலில் போகும். டீசல் எஞ்சினைச் சுற்ற நிறையக் கரண்ட் வேண்டும் என்பது உண்மைதான், கம்பெனி சொன்ன அளவுக்குக் குறைவாக வாங்கக் கூடாது. அதற்கு மேல் "இது 100 கூட" என்று கடைக்காரர் சொல்வதற்கு மன்னாரில் காசு கொடுக்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டியது ஸ்டிக்கரில் சின்னதாக எழுதியிருக்கிற மற்ற எண். றிசேர்வ் கப்பாசிட்டி. 25 அம்பியர் தொடர்ந்து இழுத்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது. ஒல்டனேற்றர் பழுதாகிக் காட்டுப் பாதையில் நின்றால் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இந்த எண்தான். சிலதில் அது இருக்காது, அம்பியர் மணி மட்டும் இருக்கும். அதுவும் போதும். மாமாவின் கதையை அதில் போட்டுப் பார்த்தேன். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட், 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 அம்பியர். வாடியில் எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு மணித்தியாலம் எரிந்தால் 18 அம்பியர் மணி போகும். 70 அம்பியர் மணிப் பற்றரியில் இது கால்வாசி. பிறகு மெயின் ரோட்டுக்கு ஓடுவது பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் எடுத்ததெல்லாம் திரும்ப ஏறாது. அடுத்த நாளும் இதே. அரைகுறை சார்ஜில் கிடக்கிற பற்றரிக்குள் தகட்டின் மேல் சல்பேற்று படிந்து இறுகிவிடும், பிறகு எந்த சார்ஜரும் அதைக் கரைக்காது. 2022 இல் டீசல் இல்லாமல் வாரக்கணக்காக வாகனங்கள் நின்றபோது எத்தனை பற்றரி செத்தது என்று எங்கட ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

அதனால் நான் மாமாவிடம் முதலில் சொன்னது பற்றரியைப் பற்றியே இல்லை. "மாமா, ஹெட்லைட்ட விட்டுட்டு ஒரு எல்இடி லைட் போடுங்கோ." 36 வாட் லைட் ஒன்று 3 அம்பியர்தான் எடுக்கும், மணலுக்கு வெளிச்சமும் தாராளம். "பற்றரி கேட்டா லைட் சொல்லுறாய்" என்று சிரித்தார். ஆனால் அந்த வார முடிவிலேயே போட்டுவிட்டார்.

ஏஜிஎம் வாங்கலாமா என்று கேட்டார். யூடியூப்பில் அவுஸ்திரேலியாக்காரர் எல்லாரும் அதைத்தான் புகழ்கிறார்கள். கண்ணாடி நார்ப் பாய்க்குள் அமிலத்தை உறிஞ்ச வைத்திருப்பதால் சரிந்தாலும் கொட்டாது, குலுக்கலைத் தாங்கும். எல்லாம் சரி. ஆனால் விலை கூட. அதோடு பழைய ஜீப்பின் ஒல்டனேற்றர் வெயிலில் கொஞ்சம் கூடுதலாகச் சார்ஜ் கொடுத்தால் உள்ளே வற்றும், மூடியைத் திறந்து தண்ணீர் விடவும் முடியாது. லிதியம் பற்றி நான் பேசவே இல்லை. எஞ்சின் சூட்டுக்குள் அதை வைக்கக் கூடாது, காசும் கட்டாது. மூடி திறக்கக்கூடிய சாதாரணப் பற்றரிதான் என் தீர்ப்பு. மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, தகடு மூடும் அளவுக்கு டிஸ்டில்ட் வோட்டர் விட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது, அதுவும் எங்கட தீவுக் கிணற்றுத் தண்ணீர்! தேத்தண்ணிக்கே உவர்க்கிற தண்ணீரைத் தகடு தாங்குமா?

அடுத்தது 95டி31ஆர் என்ற மந்திரம். இது யப்பான்காரரின் குறியீடு. 95 என்பது பலத்தின் தரம். டி என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகை. 31 என்பது நீளம், சென்ரிமீற்றரில். கடைசி எழுத்து பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று சொல்வது. ஆர் இருக்க வேண்டிய இடத்தில் எல் வாங்கிவந்தால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்டினால் மூடியில் முட்டும். பழைய டீசல் லாண்ட் குரூசர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், சிலது 24 வோல்ட், இரண்டு பற்றரி. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மாதிரி மாற்ற வேண்டும், ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் பழசு புதுசையும் சேர்த்துச் சாகடிக்கும்.

பழைய லாண்ட் றோவர்களில் முன்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினால் எஞ்சின் பிடிக்கும், பற்றரி நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்போதைய ஓட்டோ கியர் வாகனத்தைத் தள்ளிக்கூட ஸ்டார்ட் பண்ண முடியாது. மாமாவின் கியர் வண்டியைத் தள்ளலாம்தான், ஆனால் மணலில் யார் தள்ளுவது? இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் வேறெங்கோ போய்விட்டார். 1990க்குப் பிறகு பெருநிலப்பரப்புப் பக்கம் இருந்தவர் அவர். பொருளாதாரத் தடை. தடை செய்த சாமான்களில் ரோர்ச் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பாடும், செய்தி முடியும்வரை தம்பிமார் மாறி மாறிச் சுற்றுவார்களாம். ஓடித் தீர்ந்த பற்றரியை வெயிலில் காயப்போட்டு இன்னும் இரண்டு நாள் இழுப்பார்களாம். வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின, ஸ்டார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல். "அப்ப ஒரு கார் பற்றரி வச்சிருந்த வீடெண்டா பெரிய வீடு" என்றார் அம்மா. மாமா பற்றரியைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுவது கஞ்சத்தனம் என்றுதான் நாங்கள் பகிடி பண்ணுவோம். அவருக்கு அது பன்னிரண்டு வயதில் பழகிய கை.

கடைக்குப் போகும்போது ஒரு மல்டிமீற்றர் கொண்டுபோகச் சொன்னேன். புதுப் பற்றரி 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, எவ்வளவு காலம் தட்டில் கிடந்ததோ. தயாரித்த மாதத்தையும் கேட்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் என்றால் வேண்டாம். வெயிலூரில் சும்மா வைத்திருந்தாலே பற்றரி இறங்கும். உத்தரவாத அட்டையைத் தேதியும் சீலும் போட்டு வாங்க வேண்டும். எக்சைட்டா அமரோனா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. மன்னார் ரவுணிலேயே மாற்றித் தருகிற கடை எதை விற்கிறதோ அதுதான் நல்ல பிராண்ட். கொழும்பில் மலிவு என்று வாங்கி, பழுதானால் திரும்ப பஸ்ஸில் கொண்டுபோக அது கருவாட்டுப் பொதி இல்லையே.

பூட்டுவதிலும் கவனம் வேண்டும். கீழே றப்பர் துண்டு, மேலே இறுக்கமான கிளாம்ப். பற்றரி ஆடினால் எந்தப் பிராண்டும் தாங்காது. கடற்காற்றில் டேர்மினலில் பூக்கிற வெள்ளைப் பச்சைத் தூளை அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, காயவிட்டு, கிறீஸ் பூச வேண்டும். கேபிளின் உறைக்குள்ளே செம்பு பச்சையாகியிருந்தால் அதையும் மாற்றுவது நல்லது.

இவ்வளவுக்கும் மாமா தலையாட்டினார். பழைய பற்றரியில்தான் சண்டை வந்தது.

புதுசு வாங்கும்போது பழசைக் கொடுத்தால் கடையில் விலை குறைப்பார்கள். மாமா கொடுக்க விரும்பவில்லை. இந்த அளவுப் பற்றரி கிட்டத்தட்ட 20 கிலோ, அதில் பாதிக்கு மேல் ஈயம். அதை உடைத்து, உருக்கி, வலைக்கு ஈயக்குண்டு வார்க்கலாம். அமிலம் மணலில் ஊற்றப்படும். எங்கட தீவில் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நல்ல தண்ணீர் மிதக்கிறது, அதுவும் அந்த மணலுக்குள்தான். உருக்குகிற இடம் குசினிக்குப் பின்பக்கம். மச்சாளின் பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயது, மண்ணில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற வயது.

நான் செனகல் கதையைச் சொன்னேன். டாக்கார் நகரத்துப் பக்கம் தியரோய் என்ற இடம், அதுவும் கடற்கரைதான். அங்கே பழைய பற்றரியிலிருந்து ஈயம் எடுத்தார்கள், ஈயம் கலந்த மண்ணை வீட்டு முற்றங்களில் வைத்துச் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் செத்தார்கள். முதலில் என்ன வருத்தம் என்றே யாருக்கும் விளங்கவில்லை. ஈயத்தூள் வாசம் இல்லாதது, கண்ணுக்குத் தெரியாதது.

"நாங்க சின்னனில இருந்து உருக்கிறம், எங்களுக்கு என்ன நடந்தது?" என்றார் மாமா.

"என்ன நடந்தது எண்டு ஆராவது ரத்தம் எடுத்துப் பாத்தவையா, மாமா?"

அவர் பதில் சொல்லவில்லை. மாமிதான் குசினியிலிருந்து, "கடையில குறைக்கிற காசுக்கு ஈயக்குண்டு வாங்கினா வராதே?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழுக்க வராது, முக்கால்வாசி வரும். மிச்சக் கால்வாசிக்குத்தான் இவ்வளவு நேரமும் கதைத்திருக்கிறோம்.

புதுப் பற்றரி பூட்டி நாலு மாதம். வாரத்துக்கு ஒருநாள் மாமா மன்னார் வரைக்கும் ஒரு நீள ஓட்டம் ஓடி வருகிறார், சார்ஜ் முழுசாக ஏறட்டும் என்று. காலையில் மீற்றர் வைத்துப் பார்த்து எனக்கு வட்ஸ்அப்பில் எண் மட்டும் அனுப்புவார்: 12.6. செத்த பற்றரியைக் கடைக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு முந்தின மூன்று பற்றரி இன்னும் பின்வளவில் பனைக்குக் கீழே கிடக்கின்றன, ஒன்று வெடித்திருக்கிறது. கடைக்காரர் கிலோக் கணக்கில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். செமஸ்டர் லீவுக்குப் போகும்போது கையுறை வாங்கிக்கொண்டு போகிறேன், நிமிர்த்தி வைத்தபடியே ஜீப்பில் ஏற்ற வேண்டும்.