மெசின் நிற்கும் நாளையும் நினைத்து வாங்குவோம்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியால் பஸ்சில் வருகின்றவர்கள் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று வழி நெடுகிலும் வாகனம் கழுவும் இடங்களின் பலகைகளைக் கண்டிருப்பார்கள். "பொடி வொஷ்" என்று தகரத்தில் பெயின்றால் எழுதி மரத்தில் தொங்கவிட்டிருப்பதும் உண்டு. 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டு, யுத்தம் முடிந்த பின்னர் மறுபடியும் திறக்கப்பட்ட வீதி இது. இன்று இந்த வீதியில் வாகனத்துக்குக் குறைவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த பழைய வாகனத்தைக் கழுவித் துடைத்துப் பேணுவதைத் தவிர எவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

எமது பெண்கள் குழுக் கூட்டங்களில் கோழி வளர்ப்பு, தையல், மா அரைத்தல் என்றே நீண்ட காலமாகப் பேசி வந்திருக்கின்றோம். ஒரே கிராமத்தில் பதினைந்து பேருக்குத் தையல் மெசின் கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது என்ற கேள்வியை உதவி வழங்கியவர்கள் கேட்கவில்லை. பெற்றவர்கள்தான் பின்னர் கேட்டார்கள். ஆகவே, வீதியோரக் காணியும் வற்றாத கிணறும் உள்ள சில சகோதரிகள் வாகனம் கழுவும் தொழிலைப் பற்றி விசாரிப்பது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கின்றது. "பொம்பிளையள் வாகனம் கழுவுறதோ?" என்று கேட்பவர்களும் இருக்கத்தான் செய்கின்றார்கள். வயல் முடிந்து வந்த லான்ட்மாஸ்ரரை வாய்க்காலில் விட்டு இத்தனை வருடமும் கழுவியது யார் என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

அண்மையில் ஒரு கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "மிஸ், ஓட்டோமற்றிக் மெசின் எண்டு ஒண்டு இருக்காமே. வாகனத்தை விட்டாக் காணுமாம், அது தானே கழுவுமாம். அதை எடுத்தா எனக்குக் கை நோகாது, பழுதும் வராது எண்டு சொல்லுகினம். உண்மையோ?"

கை நோகாது என்பது உண்மை. பழுது வராது என்பது விற்பவரின் பேச்சு.

பெரிய நகரங்களில் உள்ள முழுத் தானியங்கி மெசின் எப்படி வேலை செய்கின்றது என்று பார்ப்போம். வாகனத்தை ஓரிடத்தில் நிறுத்தினால், வாசல் நிலை போன்ற ஒரு பெரிய இரும்புச் சட்டம் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். அதன் பக்கங்களிலும் மேலேயும் பெரிய தூரிகைகள் சுழலும். தூரிகை இல்லாமல் சவர்க்கார நீரையும் அழுத்தமான தண்ணீரையும் மட்டும் பாய்ச்சுகின்ற வகையும் இருக்கின்றது. இரண்டிலும் பல மோட்டர்கள், வாகனம் எங்கே நிற்கின்றது என்று அறியும் உணரிகள், எல்லாவற்றையும் நடத்தும் ஓர் இலத்திரனியல் பலகை என்பன இருக்கும். இவற்றுக்குப் பொதுவாக திரி பேஸ் மின்சாரம் வேண்டும். வீடுகளுக்கு வழமையாகக் கிடைப்பது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு மாத்திரமே.

அதைவிட முக்கியமானது, இந்த மெசின் காரின் உருவத்துக்காகச் செய்யப்பட்டது. எமது பகுதியில் கழுவ வருபவை மோட்டார் சைக்கிள், ஓட்டோ, ரக்ரர், லான்ட்மாஸ்ரர், ரிப்பர் போன்றவை. மோட்டார் சைக்கிளை அதற்குள் விட முடியாது. காலபோகத்துச் சேறும் கிரவலும் அப்பிய ரக்ரரை விட்டால், தூரிகையில் ஒட்டும் கல் அடுத்து வரும் வாகனத்தின் பெயின்றைக் கீறும். அந்தக் கீறலுக்கு நட்டஈடு கேட்டு வருபவர் மெசினை விற்றவரிடம் போகமாட்டார். ஆகவே எமது இடத்துக்கு முழுத் தானியங்கி பொருந்தாது என்பதே எனது கருத்து. கையால் துப்பாக்கிக் குழாயைப் பிடித்துக் கழுவும் அழுத்தப் பம்பே போதும்.

அதிலும் இரண்டு இனம் இருக்கின்றது. கடையில் பார்த்தால் இரண்டும் தண்ணீரை ஒரே மாதிரித்தான் பாய்ச்சும். அதனால்தான் பலர் ஏமாறுகின்றார்கள்.

முதலாவது, சிறிய, பிளாஸ்ரிக் உடல் கொண்ட, கையில் தூக்கிச் செல்லக்கூடிய மெசின். மலிவானவற்றில் இருப்பது காபன் பிரஷ் உள்ள மோட்டர். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று அளவில் சுற்றுவதால் அதிக சத்தம் வரும். காபன் தேய்ந்து கொண்டே போகும். வீட்டில் கிழமைக்கு ஒரு தடவை ஒரு வாகனம் கழுவுவதற்காக இதைச் செய்திருக்கின்றார்கள். நாள் முழுவதும் தொழில் செய்ய இது தாங்காது. பலவற்றில் பம்பும் மோட்டரும் ஒரே கூட்டுக்குள் இறுக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் மற்றதும் போனது போலத்தான்.

இரண்டாவது, பழைய சேர்விஸ் ஸ்ரேசன்களில் நாம் காணும் மூன்று பிஸ்டன் பம்ப். இதில் பம்ப் தனி, மோட்டர் தனி. இரண்டையும் ஒரு பெல்ற் இணைக்கும். மோட்டர் காபன் பிரஷ் இல்லாத இண்டக்சன் வகை. எமது 50 ஹேட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1,400 அல்லது 2,800 சுற்று அளவில் ஆறுதலாக ஓடும். நெல்லு மில்லிலும் மா மில்லிலும் ஓடுவது இதே இன மோட்டர்தான் என்பதால் இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் பக்கத்து ஊரிலேயே இருப்பார். பாரம் கூடியது, பார்வைக்கு அழகில்லாதது, விலையும் கூட. ஆனால் பெல்ற் அறுந்தால் பெல்ற்றை மட்டும் மாற்றலாம். சீல் போனால் சீலை மட்டும் மாற்றலாம். நான் இதன் பக்கமே நிற்கின்றேன்.

மின்சாரச் செலவைப் பற்றிப் பயப்படுகின்றவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்று குதிரை வலு மோட்டர் என்பது ஏறத்தாழ 2.2 கிலோவாற். அது ஒரு மணித்தியாலம் இடைவிடாமல் ஓடினால் இரண்டரை யூனிற் அளவில் செலவாகும். ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் அரை யூனிற்றுக்கும் குறைவு. ஆனால் வீட்டு மின்மானியில் தொழில் நடத்த முடியாது. தொழிலுக்குரிய கட்டணப் பிரிவு வேறு. இதை முதலிலேயே மின்சார அலுவலகத்தில் கேட்டு அறிந்து கொள்ள வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று கட்டணம் உயர்ந்ததையும், பின்னர் சில தடவை குறைந்ததையும் நாம் பார்த்தோம். இன்றைய கட்டணத்தை வைத்து மட்டும் இலாபக் கணக்குப் போடக்கூடாது.

தானியங்கி என்ற சொல்லை நான் முற்றாக ஒதுக்கவில்லை. மெசினைக் காப்பாற்றுகின்ற சின்னத் தானியங்கிகள் சில இருக்கின்றன. பெண்ணொருத்தி தனியே நின்று தொழில் செய்கையில், சமையலையும் பிள்ளையையும் பார்த்துக் கொண்டு மோட்டரையும் பார்க்க முடியாது. தாங்கி நிரம்பியதும் கிணற்று மோட்டரைத் தானே நிறுத்தும் மிதவைச் சுவிச் அவற்றில் முதலாவது. தண்ணீர் முடிந்த பின்னரும் பம்ப் வெறுமையாக ஓடினால் சில நிமிடத்தில் சீல்கள் கருகிவிடும். அதைத் தடுக்கவும் இதே போன்ற மிதவைச் சுவிச்சைத் தாங்கியின் அடியில் பூட்டலாம். மோட்டர் அளவுக்கு மீறிச் சூடானால் நிறுத்தும் ஓவர்லோட், வோல்ற்றேஜ் குறைந்தால் நிறுத்தும் கருவி ஆகியவையும் தேவை. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் வோல்ற்றேஜ் இறங்கி மோட்டர் எரிந்த கதையை மில் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

துப்பாக்கியின் விசையை விட்டதும் மோட்டரை நிறுத்துகின்ற வசதியும் சில மெசின்களில் இருக்கின்றது. நல்லதுதான். ஏனெனில், விசையை மூடிவிட்டு மோட்டரை ஓடவிட்டால் உள்ளே அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகிச் சீலைக் கெடுக்கும். ஆனால் அந்த வசதிக்குள் இருக்கும் சின்னச் சுவிச்சும் பழுதாகிற ஒன்றுதான். குழாயில் சிறு ஒழுக்கு இருந்தாலும் மோட்டர் நின்று நின்று ஓடும். அந்தச் சுவிச்சைத் தனியாக வாங்க முடியுமா என்று கேட்டு விட்டுத்தான் அந்த வகையை எடுக்க வேண்டும்.

மெசினைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். குழாய்க்கிணற்றிலிருந்து வரும் மண் துகள் சீலை அராவும். எமது பகுதியில் பல கிணறுகளின் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் அறிவோம். அதே படிவு நொசிலின் சிறு துவாரத்திலும் வால்விலும் படியும். கிணற்றிலிருந்து நேரே பம்புக்கு எடுக்காமல் ஒரு தாங்கியில் விட்டு, மண் அடியில் படிந்த பின்னர், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் குழாயைப் பூட்டி, நடுவில் ஒரு வடியையும் வைத்தால் பம்பின் ஆயுள் கூடும். நிமிடத்துக்குப் பத்து லீற்றர் பாய்ச்சும் பம்ப் பத்து நிமிடத்தில் நூறு லீற்றர் எடுக்கும். ஆயிரம் லீற்றர் தாங்கியில் பத்து மோட்டார் சைக்கிள்தான். ஆவணி, புரட்டாதியில் உங்கள் கிணறு எவ்வளவு கொடுக்கும் என்பதை அறிந்து விட்டுத்தான் பம்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரை எடுத்து வாகனம் கழுவும் நிலைமை வரக்கூடாது.

திறந்து பழுதுபார்த்தல் வன்னிக்குப் புதிதல்ல. 1990 இல் மின்சாரம் நின்ற பின்னர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளும் நீரிறைக்கும் இயந்திரமும் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேச நான் விரும்பவில்லை. அது பசியும் பயமும் நிறைந்த காலம். ஆனால் அந்த இயந்திரங்கள் திறக்கக்கூடியவையாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. இன்று எமது பெண்களின் கைக்கு வரும் பல மெசின்களைத் திறக்கவே முடிவதில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சகோதரிக்கு உதவித் திட்டமொன்றில் அழுத்த மெசின் கிடைத்தது. எந்த மெசின் வேண்டும் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. வாகனம் நிறுத்தச் சீமெந்துத் தளம் போடுவதற்குக் கிழமைக் கடன் எடுத்தார். இரண்டாம் மாதம் மெசின் நின்றது. வொரண்டி இருந்தது, ஆனால் வேலை செய்து கொடுக்கும் இடம் கொழும்பில். மெசின் கொழும்புக்குப் போனது, கடன் சேர்ப்பவர் கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்தார். ஆறாவது கிழமை ஆடு இரண்டையும் விற்றார். மெசின் திரும்பி வந்தபோது அவரிடம் வந்து கொண்டிருந்த ஓட்டோக்காரர்கள் வேறிடம் பழகி விட்டிருந்தனர். 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. அந்த அளவுக்குக் கிழமைக் கடன் பெண்களை நெரித்திருந்தது. அந்தக் கடன்களுக்குள் இப்படி நின்று போன மெசின்கள் எத்தனை இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இதில் பணம் மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. கணவனை இழந்த, அல்லது காணாமல் போனவரைத் தேடிக் கொண்டிருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் பழுதுபார்க்க ஒருவர் வந்தால், அவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று ஊர் கணக்கு வைக்கின்றது. சிலர் அதை அறிந்தே மாலையில் வருகின்றார்கள். ஒரு சீலை மாற்றி விட்டு மூன்று சீலுக்குக் காசு கேட்பவர்களும் இருக்கின்றார்கள். ஆகவே ஓயில் மாற்றுவது, பெல்ற்றை இறுக்குவது, வடியைக் கழுவுவது, நொசிலை மாற்றுவது என்னும் நான்கையும் மெசின் வீட்டுக்கு வரும் முன்னரே பழக வேண்டும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் இவை அரை நாள் வேலை. இவ்வகைப் பம்புகள் பலவற்றில் முதல் 50 மணித்தியால ஓட்டத்துக்குப் பின் ஓயிலை மாற்றச் சொல்வார்கள். அதன் பிறகு எப்போது என்பது மெசினின் புத்தகத்தில் இருக்கும். ஒரு கொப்பியில் எந்த நாள் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று எழுதி வைத்தால் மறக்காது. ஓயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகின்றது, சீலைப் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். இதன் சீல் செற் இங்கேயே இருக்கின்றதா, இருந்தால் எடுத்துக் காட்டுங்கள் என்று முதலில் கேளுங்கள். "ஓடர் பண்ணினா வரும், அக்கா" என்பது இல்லை என்பதற்குச் சமம். 2022 இல் டொலரின் விலை ஏறக்குறைய இரு மடங்கானபோது, ஓடர் பண்ணின சாமான் எதுவும் சொன்ன நாளில் வரவில்லை. வொரண்டிக் காலத்தில் பழுதானால் கொண்டுபோகும் கூலி யாருடையது, எத்தனை நாளில் தருவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். பம்பின் மூடியை உங்கள் முன்னால் ஒரு தடவை கழற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் மெசினோடு சேர்த்து ஒரு சீல் செற், ஒரு பெல்ற், இரண்டு நொசில் வாங்கி வைப்பது நல்லது. உதவித் திட்டத்தில் மெசின் தருகின்றவர்களிடமும் இதையே கேட்கலாம். இலவசமாகத் தருகின்றார்கள் என்பதற்காகக் கேள்வி கேட்கக் கூச வேண்டியதில்லை.

ஈரக் கையோடு செய்யும் தொழில் என்பதால் ட்ரிப் சுவிச்சும் ஏர்த்தும் சரியாக இருக்கின்றதா என்று மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பித்து, கழுவும்போது றப்பர் செருப்புப் போட வேண்டும். கழுவிய தண்ணீரில் ஓயிலும் கிறீசும் கலந்திருக்கும். அது நேரே கிணற்றுப் பக்கமோ வாய்க்காலுக்கோ போகாமல், சேறு படியும் குழியும் எண்ணெயை மறிக்கும் குழியும் கட்ட வேண்டும். சேர்விஸ் ஸ்ரேசனுக்கு சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. நீங்கள் தொடங்கப் போவது மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் கழுவும் சிறிய இடம் என்றாலும், எந்த அனுமதி வேண்டும் என்று பிரதேச சபையில் கேட்டு, பதிலைக் கடிதத்தில் எடுத்துக் கொண்ட பின்னர் சீமெந்து வாங்குங்கள்.