வோல்காக் கரையில் மணியோசை

2018ஆம் ஆண்டுக் கோடையில், மாஸ்கோவுக்கு வடக்கே வோல்கா நதியை ஒட்டிய சிற்றூர்களுக்கு நண்பர்கள் சிலருடன் மோட்டார் சைக்கிளில் பயணமானோம். வண்டிகள் ஐந்து. யாவும் இர்பித் என்னும் ஊரில் அப்போது செய்யப்பட்டுவந்த 'யூரல்' வண்டிகள். பக்கத்தில் ஒரு சக்கரமும் இருக்கையும் பூட்டியவை. கிளைக் கிராமங்களுக்குப் புல்லட்டில் சென்று பழகிய நமக்கு, அப்பக்க இருக்கையில் கைகட்டி அமர்ந்திருப்பது புதுமையே. சாலை பல இடங்களில் குண்டும் குழியுமாய் இருந்தது. இருமருங்கிலும் பிர்ச் மரங்கள். இடையிடையே சன்னல்களில் செதுக்குவேலை கொண்ட மரவீடுகள்.

கல்யாசினில் ஆற்று நீருக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு தனியே நிற்கிறது. உக்ளிச் அணைக்கட்டுக்காக 1940ஆம் ஆண்டளவில் பழைய ஊரின் பெரும்பகுதி நீரில் மூழ்கிற்று. கோவிலை இடித்தனர், ஐந்தடுக்குக் கூண்டை மட்டும் விட்டுவைத்தனர். பயணிகள் படமெடுத்து மகிழ்கின்றனர். நமக்கு ஏனோ மகிழ்ச்சி தோன்றவில்லை.

அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உக்ளிச். 1591இல் நான்காம் இவான் மன்னரின் எட்டு வயது மகன் திமீத்ரி இங்கு இறந்தபோது, ஆலயமணி ஊரைக் கூட்டியது. கொதித்தெழுந்த மக்கள், கொலையாளிகள் எனத் தாம் கருதியவர்களை அடித்துக் கொன்றனர். அரசு மக்களோடு மணியையும் தண்டித்தது. அதைக் கீழே தள்ளி, சாட்டையால் அடித்து, நாக்கைப் பிடுங்கி, காதை அறுத்துச் சைபீரியாவின் தபோல்ஸ்க் நகருக்கு நாடுகடத்தினர் என்பர். 1892இல்தான் அது ஊர் திரும்பியது. வெண்கலத்துக்குத் தண்டனையா எனச் சிரிக்கத் தோன்றும். ஆயினும் அந்த நாக்கின் வலிமையை ஆள்வோர் நன்கு அறிந்திருந்தனர்.

ரொஸ்தோவ் செல்லும் வழியில் ஒரு கிராமத்தில் மழைக்கு ஒதுங்கினோம். சோவியத் காலத்தில் தானியக் கிடங்காயிருந்த கோவில் அது. ஒரு மூலையை மட்டும் செப்பனிட்டு வழிபடுகின்றனர். சாவி வைத்திருந்த மூதாட்டி, நாம் குரு என்று அறிந்ததும் தம் கதையைச் சொன்னார். நண்பர் ஒருவர் மொழிபெயர்த்தார். அவர் பிறந்தபோது கோவில் பூட்டிக் கிடந்ததாம். பாட்டியே இரவில் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்தாராம். அவசர வேளையில் எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என ஞானோபதேச வகுப்பில் எத்தனையோ ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். அவ்வாறு பெற்ற ஒருவரை நேரில் கண்டது அன்றுதான். பிரிந்த சபையினர் ஆயினும் அதே தண்ணீர், அதே திரித்துவத்தின் பெயர்.

"உங்கள் கோவிலில் மணி அடிக்கிறதா?" என்று அவர் வினவினார். தினமும் மூன்று வேளை என்றோம். "தினமுமா?" என்று மீண்டும் கேட்டார்.

1920களின் இறுதியிலும் 1930களிலும் ரஷ்ய ஆலயமணிகளில் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. ரொஸ்தோவின் பெருமணிகள் தப்பின. அவற்றுள் பெரியது 1688இல் வார்க்கப்பட்ட 32 டன் எடையுள்ள 'சிசோய்'; யோனா என்னும் பேராயர் தம் தந்தையின் பெயரை அதற்கு இட்டார். நம் கோவில்களில் மணியே ஆடும்; அங்கு மணி அசையாது, நாக்கைத்தான் கயிறு கட்டி இழுக்கின்றனர். நாம் சென்றபோது நண்பகல். சிசோயின் ஓசை காதுக்கு முன் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. வண்டிகளின் அருகே நின்றபடியே திரிகால செபம் சொல்லி, யாரொஸ்லாவ் சாலையைப் பிடித்தோம்.