எழுநூற்று இருபது

மாலை நாலரை. புதுச்சேரி, குருசுக்குப்பம் பக்கம், மதிலோரம் ஒரு காலி மனை. மேலே செம்மண் தூவல், அடியில் கடல்மணல். வேப்பமர நிழலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மதிலுக்கு அப்பால் அலை.

நாற்காலியில் ஒரு தோல் பை திறக்கிறது. உள்ளே மூன்று எஃகுக் குண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் சுற்றிச் சுற்றி வெட்டிய வரிகள். வரிகளுக்கு நடுவே பொறிப்பு: ஓபுத், 720. லியோனிலிருந்து வந்த மருமகனின் பெட்டியில் பாதி எடை இதுதான்.

வெள்ளைச் சட்டைக்காரர் வலது கையில் புதியதை எடுக்கிறார். இடது கையில் பழையது. அது 690 கிராம், வழவழப்பு. கைகள் தராசாக ஏறி இறங்குகின்றன. பழையதில் இரண்டு துருப்புள்ளிகள். கார்பன் எஃகுக்கு இந்த உப்புக்காற்று ஆகாது. இருபது வருஷமாக ராத்திரி எண்ணெய்த் துணியில்தான் தூங்குகிறது.

பெத்தாங்க் ஆட்டத்தின் விதி குண்டின் எடையை 650 கிராமிலிருந்து 800 வரை விடுகிறது. விட்டம் 70.5 மில்லிமீட்டரிலிருந்து 80 வரை. அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு கைக்கும் ஒரு கணக்கு. அடித்துத் தள்ளுகிற திரேருக்குப் பெரிசாக, லேசாக. கிட்டே கொண்டு வைக்கிறவருக்குச் சிறிசாக, கனமாக. மூவர் அணியில் நடு ஆள் இரண்டும் செய்தாக வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரர் நடு ஆள்.

குதிகாலால் மண்ணில் வட்டம். இரண்டு பாதமும் உள்ளே. குண்டு தரையைத் தொடும்வரை பாதம் எழக் கூடாது. இந்த ஆட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு பிரான்சின் லா சியொத்தாவில் பிறந்தது. ஜூல் லெனுவார் என்ற ஆட்டக்காரருக்கு மூட்டுவலி. ஓடி வந்து வீச முடியவில்லை. நின்றபடியே ஆட விதி வந்தது. மரத்தடியில் முட்டிக்குப் பட்டை கட்டியவர்கள் இரண்டு பேர்.

எட்டு மீட்டரில் கொஷோனே, எலுமிச்சையைவிடச் சிறிய மரக்குண்டு. உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்புகிறது. மணிக்கட்டு சொடுக்குகிறது. பழைய குண்டு பாதி தூரத்தில் விழுகிறது, உருள்கிறது, கொஷோனே அருகே நிற்கிறது. விழுந்த இடத்தில் ஒரு சிறுவன் வெறுங்காலால் கோடு போடுகிறான்.

புதியது. அதே வட்டம், அதே உயரம். கோட்டின் மேலேயே விழுகிறது. வரிகள் மண்ணைக் கவ்வுகின்றன. இரண்டு முழம் முன்னால் நின்றுவிடுகிறது.

மறுபடி பழையது. மறுபடி புதியது. அதே இரண்டு முழம்.

"கை சோர்வு" என்கிறார் ஒருவர்.

"கை இல்ல. பிடிக்குது."

சிறுவன் கோட்டை அழிக்கிறான். அரை மீட்டர் தள்ளிப் புதுக் கோடு. புதிய குண்டு அங்கே விழுகிறது, கொஞ்சம் நகர்கிறது, நிற்கிறது. இடப்பக்கச் சரிவு பழைய குண்டை எப்போதும் மதிலோரம் இழுக்கும். இது போகவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் கொஷோனேவைச் சரிவிலேயே வைக்கச் சொல்கிறார். வீச்சு. நிற்கிறது. இன்னொன்று. அதுவும்.

யாரும் நாற்காலியில் சாயவில்லை.

கயிறு வைத்திருப்பவர் எழுந்து வருகிறார். சொல்தா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன். ஜூலை 14 அன்று கூபேர் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் முன் பதக்கத்தோடு நிற்பவர். கயிற்று நுனியில் காந்தம். குனியாமல் பழைய குண்டைத் தூக்குகிறார். புதியதன் மேல் காந்தத்தை இறக்குகிறார். ஒட்டுகிறது. கயிறு இழுபடுகிறது. கனத்தைக் கயிற்றிலேயே பார்க்கிறார்.

"அடிச்சா தாங்குமா?"

திரேர் வட்டத்துக்குள் வருகிறார். கண் சுருங்குகிறது. குண்டு தரை தொடாமல் பறந்து வந்து மோதுகிறது. உலோகச் சத்தம்; மதில்மேல் காகம் எழும்புகிறது. பழைய குண்டு இந்த அடிக்கு வேப்பமரம் வரை போகும். புதியது ஒரு முழம் நகர்ந்து, வரியில் மண்ணோடு நிற்கிறது.

அளவு நாடா வெளியே வருகிறது. கொஷோனேவிலிருந்து ஒரு முனை. மூன்று தலைகள் குனிகின்றன.

சொல்தா குண்டைத் தன் சட்டை நுனியால் துடைக்கிறார். விரல்களை அதன்மேல் விரிக்கிறார். நடுவிரல் சுற்றி வரவில்லை.

"விட்டம்?"

"எழுபத்தாறு."

"மருமகன் திரும்ப எப்ப வரார்?"

"டிசம்பர்."

"எனக்கு எழுபத்து மூணுல சொல்லு. வரி இதே மாதிரி. எடை குறைக்க வேண்டாம்."